‘ஔரங்கசீப்’ நாடகத்தைப் படித்தால் போதாதா?

4 பிப்ரவரி 2024: வாசகர் ஒருவரின் கேள்வி

இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ நாடகத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன். சிந்தனைக்குத் தீனி போடும் எழுத்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதை மேடையில் பார்த்துத்தான் ஆக வேண்டுமா? ஷாஜஹானும் பிள்ளைகளும் நின்றுகொண்டு வாதம் செய்கிறார்கள். போரெல்லாம் வெளியே நடக்கிறது. சாய்வு நாற்காலியில் படித்தாலே முழுவதும் கிடைத்துவிடுகிற நாடகம் என்று நினைக்கிறேன். மேடையில் பார்த்தவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

5 பிப்ரவரி 2024, காலை

மறுக்கிறேன். நானும் முதலில் படித்தவன்தான். படித்தபோது உங்களைப் போலவே நினைத்தவன்தான். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, நூறு நாற்காலிகள் மட்டுமே கொள்ளும் ஒரு சிறிய அரங்கில் இந்த நாடகத்தைப் பார்க்க நேர்ந்தது. பெயர் பெற்ற குழு இல்லை. வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஒத்திகை பார்க்கிற இளைஞர்கள்.

படிக்கும்போது பேசுகிறவர் மட்டுமே நம் கண்முன் இருக்கிறார். வசனம் முடிந்து அடுத்தவர் பெயர் வந்ததும் முன்னவர் மறைந்துவிடுகிறார். மேடையில் அப்படி மறைய வழியில்லை. பேசாதவரும் அங்கேயே நின்றாக வேண்டும், கேட்டாக வேண்டும், கேட்பது முகத்தில் தெரிந்தாக வேண்டும். இந்த நாடகத்தில் கேட்பவர்களுக்குத்தான் வேலை அதிகம் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஷாஜஹான் தன் கறுப்புச் சலவைக்கல் மாளிகைக் கனவைப் பேசுகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அது ஒரு கிழவரின் பேச்சு. நான் பார்த்த மேடையில், அவருக்குப் பின்னால் மகள் ஜஹனாரா ஒரு செம்புக் கூஜாவிலிருந்து கிண்ணத்தில் நீர் ஊற்றத் தொடங்கியிருந்தாள். ‘கறுப்பு’ என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கை நின்றுவிட்டது. கூஜா சாய்ந்தபடியே இருக்கிறது, நீர் விளிம்பு வரை வந்து நிற்கிறது, விழவில்லை. அவர் பேசி முடிக்கும் வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது. பிறகு அவள் ஊற்றாமலேயே கூஜாவை நிமிர்த்தி, ஓசை எழாமல் தரையில் வைத்தாள். தந்தையின் கனவு நடக்காது என்று அவளுக்குத் தெரியும், அதை அவள் ஒருநாளும் சொல்லப் போவதில்லை என்பது எனக்கு அந்தக் கூஜாவிலிருந்து தெரிந்தது. இயக்குநர் சேர்த்த சிறு காரியம்தான். ஆனால் அப்படிச் சேர்ப்பதற்கான இடத்தை நாடகம் வைத்திருக்கிறது.

5 பிப்ரவரி 2024, இரவு

காலையில் சொல்ல விட்டுப்போனது: அன்று பாதி நாடகத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் உடனே எடுக்கவில்லை. ஆக்ரா கோட்டையில் சிறைப்பட்டிருக்கிற ஷாஜஹானாக நடித்தவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை; கும்மிருட்டில் பேசிக்கொண்டே போனார். எங்களில் ஒருவர் கைபேசி விளக்கைப் போட, பின் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் “அணையுங்கள் ஐயா” என்று அதட்டினார். அணைந்தது. பிறகு பக்கத்திரையின் பின்னாலிருந்து ஜஹனாரா ஒரு விளக்கோடு வந்து தந்தையின் அருகே அமர்ந்தாள். பேச்சில்லை. அந்த விளக்கு வெளிச்சத்திலேயே காட்சி முடிந்தது.

1658 முதல் 1666 ஜனவரியில் ஷாஜஹான் இறக்கும் வரை, அந்தச் சிறையில் அவரோடு தானும் இருந்தவள் ஜஹனாரா. எட்டாண்டுத் துணை என்று பாடநூலில் ஒரு வரியில் படித்ததை, தற்செயலாக வந்த ஒரு விளக்கு எனக்கு விளக்கியது. எந்த ஒளியமைப்பாளரும் இப்படி ஒரு காட்சியைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது என்று அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

8 பிப்ரவரி 2024

நாடகம் நெருக்கடி நிலைக் காலத்துக்கு எதிரான குரல் என்பதையும் மேடையில்தான் உணர முடியும் என்று ஒரு குறிப்பு எழுதத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்தினேன். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது 1975 ஜூனில். நாடகம் 1974-ஐச் சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளாக இதை நெருக்கடி நிலை நாடகம் என்றே நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தி வந்திருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை, நானும் ஆண்டைச் சரிபார்க்கவில்லை.

ஆனால் இந்தத் தவறு நாடகத்தைப் பற்றிய என் மதிப்பைக் கூட்டவே செய்தது. இந்திரா பார்த்தசாரதி அப்போது தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர், செங்கோட்டை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, அதிகாரம் எப்படித் தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்கிறது என்று கவனித்து எழுதியது அது. நிகழ்ச்சிக்கு எழுதிய எதிர்வினை அன்று. நிகழ்ச்சிதான் பின்னால் வந்து நாடகத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகும் பல நிகழ்ச்சிகள் ஒட்டிக்கொண்டன.

9 பிப்ரவரி 2024

கறுப்பு மாளிகை உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஷாஜஹான் தாஜ்மகாலுக்கு எதிரே, யமுனையின் மறுகரையில் தனக்கொரு கல்லறை கட்டத் தொடங்கினார், பிள்ளைகளின் போர் அதைத் தடுத்துவிட்டது என்று எழுதியவர் தவெர்னியே என்ற பிரெஞ்சு வணிகர். பின்னாளில் மறுகரையில் மெஹ்தாப் பாக் என்ற இடத்தில் அகழ்ந்து பார்த்தபோது கிடைத்தது ஒரு பெரிய எண்கோணக் குளமும் தோட்டமும்தான். மாளிகைக்கான அடித்தளம் கிடைக்கவில்லை. அங்கே கறுப்பாகத் தெரிந்த கற்களும் வெள்ளைச் சலவைக்கல் நிறம் மாறியவையே.

எனவே வரலாற்றாய்வாளர் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கலாம். நாடகாசிரியர் ஒதுக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுக்கதைக்குள் ஒரு மெய்யான கணக்கு இருக்கிறது. மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில் இறந்தபோது தக்காணத்திலும் குஜராத்திலும் கொடும் பஞ்சம். ஷாஜஹான் வரியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார் என்பதும் உண்மை. பஞ்சம் தீரும் முன்பே தாஜ்மகாலுக்கு அடித்தளம் தோண்டினார்கள் என்பதும் உண்மை. ஒரு வெள்ளை மாளிகைக்கே இந்த விலை என்றால் கறுப்புக்கு என்ன விலை என்ற கேள்வியை ஔரங்கசீப்பின் வாயில் வைக்க முடிகிறது. வில்லன் என்று நாம் முடிவு செய்து வந்த ஒருவன் முதலில் பேசுவது கருவூலத்தைப் பற்றி, குடியானவனைப் பற்றி. மறுத்துப் பேச முடியாத பேச்சு அது.

13 பிப்ரவரி 2024

ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

அந்தக் குழுவில் அன்று பின்னணி இசையைக் கவனித்த நண்பர் இந்த இழையைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். விளக்கோடு வந்தது ஜஹனாரா இல்லையாம். ஷாஜஹானின் இன்னொரு மகள் ரோஷனாராவாக நடித்த பெண்ணாம். தன் காட்சிகள் முடிந்துவிட்டன என்று ஒப்பனையைக் கலைத்து, சுடிதாருக்கு மாறி, கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், இருட்டானதும் மூலையில் கிடந்த அவசரகால விளக்கை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். தோளில் கைப்பையும் இருந்ததாம். ஜஹனாரா அந்த நேரம் பக்கத்திரையில் கால் சிக்கி நின்றுகொண்டிருந்தாள்.

பதினொரு ஆண்டுகளாக நான் கட்டி வைத்திருந்த எட்டாண்டுத் துணை விளக்கம் இத்தோடு சரிந்தது. கைப்பை எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று என்று யோசித்துப் பார்க்கிறேன். விளக்கென்றால் அது ஜஹனாராவின் கையில்தான் இருக்க வேண்டும் என்று மனம் தீர்மானித்துவிட்டது போலும். தம்பி தாராவுக்காகவும் தந்தைக்காகவும் நின்ற அக்காளுக்கு வெளிச்சம்; ஔரங்கசீப்புக்கு அரண்மனைச் செய்தி அனுப்பிய தங்கைக்கு இருட்டு. நான் பாகுபாடு பார்க்காத நல்ல பார்வையாளன் என்று என்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரோஷனாராவின் பகுதிகளை நேற்றிரவு மீண்டும் படித்தேன். தந்தையின் அன்பில் தனக்குப் பங்கே இல்லை என்று கண்டுகொண்ட பெண்ணுக்கு வேறு எந்தக் கட்சியில் இடம் கிடைத்திருக்கும்? இதை நான் மேடையில் பார்த்தபோது கேட்டுக்கொள்ளவில்லை. படித்தபோதுதான் கேட்டேன். இந்த ஒரு புள்ளி உங்களுக்கு.

14 பிப்ரவரி 2024

ஔரங்கசீப்பின் அண்ணன் தாரா போர்க்களத்தில் மடிந்தான் என்று நான் வேறோர் இழையில் எழுதியிருந்ததை ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். தவறுதான். 1658 மே மாதம் சாமுகட் போரில் அவன் யானையிலிருந்து இறங்கிக் குதிரைக்கு மாறினான். அம்பாரி காலியாக இருப்பதைக் கண்ட படை, இளவரசன் செத்தான் என்று கலைந்தது. அவன் தப்பி ஓடி, அடைக்கலம் கொடுத்தவனாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, தில்லித் தெருக்களில் அழுக்கேறிய ஒரு யானைமேல் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டான். கூடியிருந்த மக்கள் அழுததைப் பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 1659 ஆகஸ்ட் இறுதியில் கொல்லப்பட்டான். ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்த இரண்டே ஆண்டுகளில்.

இத்தனை பெரிய நிகழ்ச்சிகளை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு, மூவர் எந்தக் காலத்தில் வாழ்கிறார்கள் என்பதை மட்டும் நாடகம் பிடித்துக்கொள்கிறது. ஷாஜஹானுக்குச் சென்ற காலம், தாராவுக்கு இன்னும் வராத காலம், ஔரங்கசீப்புக்குக் கையில் இருக்கிற காலம். நிகழ்காலத்தில் நிற்கிறவனிடம்தான் படை இருக்கும்.

20 பிப்ரவரி 2024

இதுவரை நான் ஒரு மேடையேற்றத்தைப் பற்றி மட்டுமே பேசி உங்களை ஏமாற்றிவிட்டேன். இரண்டாவது ஒன்றும் பார்த்திருக்கிறேன்; அதைச் சொன்னால் என் வாதம் பலவீனப்படும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அது பெரிய அரங்கம். ஜிகினா அங்கி, முத்துமாலை, ஒட்டுத்தாடி. அரச நாடகம் என்றால் அடுக்குமொழி வேண்டும் என்று நமக்குப் பழகிவிட்டது. ஔரங்கசீப் என்ற பெயரையே தமிழ்ப் பார்வையாளர் பலர் மராட்டிய மன்னர் சிவாஜியின் கதைகள் வழியாகத்தான், மேடைக்கு வராத எதிரியாகத்தான், அறிந்திருந்தார்கள். இந்திரா பார்த்தசாரதியின் வசனமோ எளிய உரைநடை. யோசித்துப் பேசுகிற மனிதர்களின் பேச்சு. அதை அந்த நடிகர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படி ஏறிப் பேசினார்கள். ஔரங்கசீப்பாக நடித்தவர் வாக்கியத்துக்கு ஒரு முறை சிரித்தார். தாராவின் தாடி ஒரு பக்கம் கழன்று, தத்துவ விசாரம் முழுவதும் இடக்கையால் அதை அழுத்திக்கொண்டே நடந்தது; சிந்தனையாளன் கன்னத்தில் கைவைத்திருப்பதாக முன்வரிசையினர் எடுத்துக்கொண்டார்கள். மேடை சொற்பொழிவு மன்றமாகிவிட்டது. அன்று மட்டும் உங்கள் கேள்வியை யாராவது கேட்டிருந்தால், படித்தாலே போதும் என்று நானே சொல்லியிருப்பேன்.

அதைவிட என்னைப் புண்படுத்தியது வேறு. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே மதம் என்ற தன் கனவை ஔரங்கசீப் வெளிப்படுத்துகிற இடத்தில் அரங்கின் ஒரு பகுதியில் கைதட்டல் எழுந்தது. கேலிக் கைதட்டல் அன்று, மனமார்ந்த கைதட்டல். முதல் மேடையேற்றத்தில் இதே இடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி இருந்தது. நாடகம் சொல்வதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிற கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிறோமே என்று எரிச்சலுடன் வெளியே வந்தேன். சபை அறியாத கூட்டம் என்று நண்பர்களிடம் ஏசினேன்.

21 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்பின் கடைசிப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அந்தக் கைதட்டலுக்குக் கொஞ்சம் முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கருவூலத்தைப் பற்றிய பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தனிமனிதனின் துக்கத்துக்கு நாடு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று அவன் கேட்டபோது, சரிதானே என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது. அங்கிருந்து, ஒழுங்கு வேண்டும் என்பது அடுத்த படி. ஒழுங்குக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்பது அதற்கடுத்த படி. அப்புறம் வருவது அந்தக் கனவு. கைதட்டியவர்கள் என்னைவிட ஒரு படி கூடுதலாக ஏறியவர்கள், ஏணி ஒன்றுதான்.

நாடகாசிரியர் ஔரங்கசீப்பை அரக்கனாக எழுதியிருந்தால் இந்த விபத்து நேர்ந்திருக்காது. அவர் அவனுக்கு நல்ல வாதங்களைக் கொடுத்தார். தந்தையைப் பற்றி அவன் சொல்வது சரி, அண்ணனின் அசட்டுத்தனத்தைப் பற்றிச் சொல்வதும் பெரும்பாலும் சரி. அந்தச் சரிகளின் தோளில் ஏறிக்கொண்டு பிழை மேடைக்கு வருகிறது. இதுதான் இந்த நாடகத்தில் நான் மிகவும் வியக்கிற கைத்திறன், மிகவும் அஞ்சுகிற கைத்திறனும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தில் இந்த ஏணியில் ஏறும்போது எந்தப் படியிலும் நிற்கலாம். ‘சரிதானே’ என்று தோன்றிய வரியின்மேல் விரலை வைத்து, காப்பி குடித்துவிட்டு வந்து, இல்லையே என்று முடிவு செய்யலாம். அரங்கில் நிறுத்த முடியாது. நடிகன் போய்க்கொண்டே இருக்கிறான், நாமும் போய்க்கொண்டே இருக்கிறோம், பக்கத்து நாற்காலியில் ஒருவர் கைதட்டும்போதுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிகிறது. தாடி கழன்ற அந்த மோசமான மேடையேற்றம்கூட எனக்கு இதைக் கொடுத்திருக்கிறது.

கூஜாவைப் பற்றி முதல் நாள் எழுதியதெல்லாம் சரியே. ஆனால் என் மறுப்பின் வலிமை கூஜாவில் இல்லை, கைதட்டலில் இருக்கிறது.

22 பிப்ரவரி 2024

சிறு பின்குறிப்பு. மாளிகைச் செலவைக் கண்டித்தவன் 1681-இல் தக்காணத்துக்குப் படையோடு போனான். வட இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. அவன் படை நம் செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் மட்டும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கிடந்து 1698-இல்தான் அதைப் பிடித்தது. 1707-இல் அகமத்நகரில் இறக்கும்போது கருவூலத்தில் பெரிய ஓட்டை. ஒரு கறுப்பு மாளிகையாவது மிஞ்சியிருக்கும்.

2 மார்ச் 2024

அலுவல் காரணமாகத் தில்லிக்கு வந்தேன். மாலையில் நிஜாமுதீன் தர்காவுக்குப் போனேன். அங்கே, பளிங்குச் சல்லடைச் சுவர்களுக்குள் ஜஹனாராவின் கல்லறை இருக்கிறது. மேலே கூரை இல்லை. கல்லறையின் மேற்பகுதியில் கல் பாவாமல் மண் நிரப்பி விட்டிருக்கிறார்கள். என் கல்லறையைப் பசும்புல்லைத் தவிர வேறெதுவும் மூட வேண்டாம் என்று பாரசீகத்தில் எழுதிய கல் தலைமாட்டில் நிற்கிறது. 1681-இல் இறந்தவள். புல் இருந்தது, கொஞ்சம் காய்ந்து.

மகாராஷ்டிரத்தின் குல்தாபாத்தில் ஔரங்கசீப்பின் கல்லறையும் இப்படித்தான், வானத்தைப் பார்த்துத் திறந்த மண் என்பது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது. உலகத்திலேயே பெயர்பெற்ற கல்லறையைக் கட்டிய தந்தைக்கு, எதிரெதிர்க் கட்சியில் நின்ற இரண்டு பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாடகம் இதைப் பேச வேண்டிய தேவையில்லை. ஆனாலும், கூஜாவைத் தரையில் வைத்த பெண்ணும் கருவூலக் கணக்குப் பேசிய ஆணும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதை நான் இரு மேடையேற்றங்களிலும் கவனிக்கவில்லை. முகச் சாயலை நடிகர்களிடம் எதிர்பார்க்க முடியாதுதான். மனச் சாயலை நான் பார்த்திருக்க வேண்டும்.

17 மார்ச் 2024

மேடையேற்றம் எதுவும் அருகில் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற ஞாயிறன்று எங்கள் வீட்டில் ஏழு பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாக நாடகத்தை வாய்விட்டுப் படித்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம். படிப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று.

எனக்கு ஷாஜஹான் வேண்டும் என்று கேட்டேன். கொடுக்கவில்லை, குரல் போதாதாம். ரோஷனாராவை என் மகள் முதலிலேயே எடுத்துக்கொண்டாள், கைப்பைக் கதையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அந்தப் பாத்திரத்தின்மேல் ஒரு பிடிப்பு. ஆள் குறைந்ததால் ஜஹனாரா என் தலையில் விழுந்தது. கறுப்பு மாளிகைப் பேச்சு வந்ததும் எழுந்து நின்று, சாப்பாட்டு மேசையிலிருந்த நீர்க்கூஜாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். எனக்கு வசனம் இல்லை. சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷாஜஹானாகப் படித்த நண்பர் நிதானமானவர், ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் மூச்சு விடுகிறவர். சிறிது நேரத்திலேயே மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. நீர் பாதிக்கு மேல் தரைவிரிப்பில்.

அந்த நடிகை எப்படி ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றாள் என்று இசை நண்பரைக் கேட்டேன். கூஜா காலி என்றார்.

ஆனால் நீர் விளிம்பு வரை வந்து நின்றதை நான் பார்த்தேன்.